கழுவிய குழல்

ஐந்து நாட்களாக யாரும் தொடாத குழலின் வாய் ஈரமாக இருந்தது.

சேஷாத்ரி அதைத் துணி உறையிலிருந்து எடுத்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். கெல்லிவில்லில் ஜூலைதான் குளிர்காலம்; காலைகளில் கண்ணாடிகளெல்லாம் வேர்த்துக் கிடக்கும். அந்த ஈரம்தான் உறைக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும் என்று நினைத்து விரலால் தொட்டார். தண்ணீர் இல்லை. வழவழப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. தோள் துண்டால் துடைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு, காகிதத்தால் துடைத்துக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

இதய அறுவைக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி அவசியம் என்று மருத்துவர் சொன்னபோது, சனிக்கிழமைதோறும் கூடும் ஜென் தியானக் குழுவுக்கு அவரை அழைத்துப் போனவர் வரதராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், அவரும் மருத்துவர்தான், சேஷாத்ரியின் மகள் தேஜஸ்வினி தானாகவே தேர்ந்துகொண்ட சிறிதரனின் அப்பா. அங்கே ஹெலன் என்ற ஆசிரியை ஷாகுஹாச்சி என்னும் ஜப்பானிய மூங்கில் குழலைச் சொல்லிக்கொடுத்தார். அது கச்சேரி செய்யும் குழல் அல்ல. துளைகள் ஐந்தையும் அடைத்து, ஒரு மூச்சு தீரும்வரை ஒரே ஸ்வரத்தை ஊதி, அந்த மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் தியானம்.

போன சனிக்கிழமை சேஷாத்ரிக்கு ஹெலன் இரவல் கொடுத்த குழல் பழையது. முப்பது வருடம் அதை ஊதியவர், ஊதிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாராம். இதில் தண்ணீர் படவே கூடாது, அவருடைய மூச்சு இன்னும் உள்ளே இருக்கிறது, தினமும் ஊத ஊத மெல்லக் கரைந்துவிடும் என்றார் ஹெலன்.

சேஷாத்ரியின் மனதில் தங்கியது ஒன்றுதான். எச்சில்.

அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் அவர் குடும்பத்தில் யாரும் வாய் வைத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், துணி துவைக்கும் அறையிலிருந்த தொட்டியில் வெந்நீர் நிரப்பி, மஞ்சள்பொடி கரைத்து, குழலை மூன்று முறை முக்கினார். மூன்றாம் முறை தூக்கியபோது மஞ்சள் நீர் அடிப்பக்கமாகக் கொட்ட, மூங்கில் ஒரு சத்தம் போட்டது. வெகுநேரம் தண்ணீரில் அமுக்கி வைத்திருந்த ஒருவன் தலை தூக்கியதும் இழுக்கும் மூச்சு மாதிரி, நீளமாக.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு குழலைக் காயவைத்து உறையில் போட்டார்.

அன்று மாலையிலிருந்தே வீட்டில் அந்தச் சத்தம். கூரையில் வெப்பக் காற்று வரும் துவாரத்தின் வழியாக, கூடத்தில் நின்றால் கூடத்தில், மாடிக்குப் போனால் மாடியில். குழலின் வாயைத் துடைத்த அந்த வியாழக்கிழமையன்று ஹீட்டரை அணைத்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்று காது கொடுத்தார்.

"ஏன்னா, இந்தக் குளிர்ல எதுக்கு அணைச்சேள்?" என்று கேட்டபடி விஜயா சால்வையோடு வந்தாள்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

"அது சத்தமே போடலை. நீங்கதான் மத்தியானத் தூக்கத்துல ரெண்டு பேர் மாதிரி மூச்சு விடறேள்."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். கேட்டதை அவளிடம் சொல்ல முடியாது. அவருடைய அண்ணா ரங்கனும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தான், சுவருக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று. பதினோரு வருடம் மனநல விடுதியில் இருந்து அங்கேயே செத்தான். தில்லியில் வேலை என்று ஊருக்குச் சொன்னார்கள். விஜயாவுக்கும் அதே கதைதான். போன மாதம் வரதராஜா, மருத்துவர் என்ற முறையில், தயங்கித் தயங்கிக் கேட்டார், குடும்பத்தில் ஏதாவது மனநோய் உண்டா என்று. எங்கள் வம்சத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்று சேஷாத்ரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நிச்சயம் பேச வருகிறார்கள். இப்போது வாய் திறந்தால் பெண்ணின் கல்யாணம் போகும், பொய்யும் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமைதான் அவர் ஒன்றைக் கவனித்தார். அந்தச் சத்தத்தில் உள்ளே இழுப்பது மட்டுமே இருந்தது. வெளியே விடுவது இல்லை. ஒருமுறைகூட இல்லை.

மாடிப்படி பாதியில் நிற்க வேண்டியிருந்தது. எவ்வளவு இழுத்தும் மூச்சில் நெஞ்சு நிறையவில்லை. ஹெலனுக்குத் தொலைபேசியில் அழைத்தார். திங்கள்வரை தியான முகாமில் இருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது. குழலைப் பழைய போர்வையில் சுற்றி, கராஜில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. கூடத்தில் விஜயா குத்துவிளக்கு ஏற்றியிருந்தாள். வரதராஜா மனைவியோடும் மகனோடும் வந்து, கேசரி சாப்பிட்டு, தேதிவரை பேச்சு சுமுகமாகப் போனது.

"எங்கை சம்பந்தி உங்கடை குழல்? மூண்டு கிழமையா வெறும் காத்துதானே வருது எண்டு ஹெலன் சொன்னா," என்று வரதராஜா சிரித்தார். "ஒருக்கா ஊதுங்கோ, கேப்பம்."

"இன்னிக்கு வேண்டாமே."

"வெக்கமோ?"

"அப்பா, அதை ஏன் கராஜ்ல வச்சீங்க?" தேஜஸ்வினி ஏற்கெனவே கராஜைத் திறந்து தேடிக் கையில் கொண்டுவந்திருந்தாள். "ஃபுல்லா ஈரமாயிருந்தது. துடைச்சுட்டேன்."

மறுக்கக் காரணம் வேண்டும். அவரிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. விளக்கின் முன் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, துளைகளை அடைத்து, குழலைக் கீழுதட்டில் வைத்தார்.

ஸ்வரம் வந்தது.

மூன்று வாரமாக வராதது, தாழ்ந்து, கனத்து, தரையெல்லாம் அதிர வந்தது. "ஆகா," என்றார் வரதராஜா மெதுவாக. தியானக் குழுவின் வழக்கப்படி அவர் கண்களை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள்.

மூச்சு தீர்ந்தது. சேஷாத்ரி வாயை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

ஸ்வரம் நிற்கவும் இல்லை.

அவர் ஊதவில்லை. உதட்டை ஏதோ கவ்வியிருந்தது. மூங்கில் அல்ல. மெத்தென்று. ஈரமாக. அது இழுத்தது. நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. அறுவைத் தழும்பு சுருங்கியது. பின் துளையை அடைத்திருந்த கட்டைவிரலை உள்ளிருந்து ஒரு நாக்கின் நுனி தொட்டது. தடவியது.

காலால் தரையை ஒரு உதை உதைத்தால் போதும். கேசரித் தட்டைத் தட்டிவிட்டால் போதும். எல்லோரும் கண் திறப்பார்கள். என்ன ஆச்சு என்பார்கள்.

என்ன சொல்வது?

தேஜஸ்வினி மூடிய கண்களோடு, பெருமையோடு புன்னகைத்துக்கொண்டிருந்தாள். சிறிதரனின் கை அவள் கைமேல் இருந்தது.

சேஷாத்ரி முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

ஸ்வரம் நீண்டது. குழலின் அடிமுனைக்கு ஒரு சாண் தூரத்தில் குத்துவிளக்கு. அதன் ஐந்து சுடர்களும் மெல்லத் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக, குழலை நோக்கிச் சாய்ந்தன. யாரும் கண் திறக்கவில்லை.