இறங்குவதற்கு ஒரு டிக்கெட்

"நிக்காமப் போயிருச்சு அக்கா! இந்த பஸ்ஸுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டான் தனுஜன்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. மனசுதான் இல்ல," என்றாள் கிருஷ்ணகுமாரி. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பலாங்கொடைக்குப் போகும் அந்த நீல நிறத் தனியார் பஸ், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கான பஸ் ஹோல்ட்டில் நின்றவர்கள் மேல் சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டு வளைவில் மறைந்தது. கை காட்டிய அத்தனை பேரும் மெல்லக் கையை இறக்கிக்கொண்டார்கள்.

"நம்ம லயத்துக்கு நிக்க மாட்டாங்க பாப்பா. பழகிப் போச்சு," என்றார் காத்தமுத்து மாமா. பாவம், அவர் கிளினிக்குக்குப் போகவேண்டியவர்.

"எதுக்கு மாமா பழகணும்? நாம என்ன சும்மாவா போறோம்?"

மாமா குடையை மடக்கிக்கொண்டு வீட்டுப் பக்கமே திரும்பி நடக்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் குமாரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மற்ற நாளில் பஸ் நிற்காமல் போனால்கூடப் போகட்டும். அன்றைக்குப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய நாள் அது!

குமாரியின் அம்மா சீதாதேவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அவர் போகும்போது தனுஜன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது அவனுக்கு நான்கு வயது. அம்மா என்றால் அவனுக்குப் போனில் கேட்கும் ஒரு குரல், சுவரில் தொங்கும் ஒரு படம், அவ்வளவுதான்.

அந்தக் குவைத் வீட்டில் ஒரு நல்ல பெண்பிள்ளை இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் தன் கம்ப்யூட்டரில் பேசிக்கொள்ளும்படி அவள்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இங்கே நான்கு மணிக்குப் பலாங்கொடை பஜாரில், பளீல் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் போய் உட்கார்ந்தால் போதும். கெமராவில் முகம் பார்த்தே பேசலாம்.

அடுத்த பஸ்ஸாவது நின்றதா? அதுவும் நிற்கவில்லை. தலை வாரி, பவுடர் பூசி, புதுச் சட்டை போட்டிருந்த தனுஜனை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தாள் குமாரி.

மறுநாள் அப்பாவின் போனில் அம்மா அழைத்தார்.

"அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு குந்தியிருந்தேன் குமாரி. நீங்க வரவே இல்லியே."

"பஸ்ஸு நிக்கலம்மா," என்றாள் குமாரி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"சரி, அழாத. வர்ற வெள்ளிக்கிழம மட்டுந்தான் முடியும். அதுக்குப் பொறகு அந்தப் புள்ள படிக்க வேற நாட்டுக்குப் போகுது."

அப்பா ராமச்சந்திரன் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கொழுந்து குவிகிற காலம் என்பதால் அவருக்கு லீவு கிடைக்காது. த்ரீவீல் பிடிக்கவும் வசதி இல்லை. "இருளாயி அத்தையோட போயிட்டு வாங்க. இந்தத் தடவையாவது நிப்பாட்டுறானான்னு பாப்போம்," என்றார்.

"பாப்போம்" என்கிற அந்தச் சொல்தான் குமாரிக்குப் பிடிக்கவே இல்லை.

தோட்டத்து ஆட்களை ஏற்றினால் சுணக்கமாகுமாம், மூட்டை முடிச்சுகளால் பஸ் அழுக்காகுமாம். கொண்டக்டர் யாரிடமோ அப்படிச் சொன்னாராம். மேலே புத்த கோயில் இருக்கும் பன்சலைச் சந்தியில் ஏற்றுகிற பலாக்காய் மூட்டையில் மட்டும் அழுக்கு இல்லையாக்கும்! அந்த வாரம் முழுவதும் குமாரி தண்ணீர் பிடிக்கும்போதும் ஏசினாள், தம்பிக்குச் சோறு ஊட்டும்போதும் ஏசினாள். தனுஜன் வாயைத் திறந்து சோற்றையும் வாங்கிக்கொண்டான், காதைத் திறந்து ஏச்சையும் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பலாங்கொடையிலிருந்து மேலே வந்த அதே நீல பஸ் லயத்து ஹோல்ட்டில் நிற்பதைக் குமாரி கண்டாள். கடைச் சாமான்களோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பஸ் புறப்பட்டுப் போனது.

குமாரி நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"ஏறுறவங்களுக்குத்தான நிக்க மாட்டான்? எறங்குறவங்களுக்கு நின்னுதான ஆகணும்!"

வெள்ளிக்கிழமை வந்தது. ஹோல்ட்டில் வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். போன வாரம் கிளினிக் போக முடியாத காத்தமுத்து மாமாவும் நின்றார். குமாரி தம்பியின் கையை இருளாயி அத்தையிடம் கொடுத்தாள்.

"நீ எங்கடி போற?" என்றார் அத்தை.

"பஸ்ஸ கூட்டிக்கிட்டு வர்றேன் அத்த. நீங்க ரெடியா நில்லுங்க."

தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் ஏறினாள். மூச்சு வாங்கியது. காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுவிட்டு ஓடினாள். பன்சலைச் சந்தியில் நீல பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கொஹேத?" என்று கேட்டார் கொண்டக்டர். எங்கே போகிறாய் என்கிறார்.

சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "லயத்து ஹோல்ட்டுக்கு ஒரு டிக்கெட்," என்று சிங்களத்திலேயே கேட்டாள்.

"அட, இந்தா இருக்கிற ஹோல்ட்டுக்கா? நடந்தே போகலாமே!" என்று சிரித்தார் அவர்.

"மேலே நடந்துதான் வந்தேன். கீழே பஸ்ஸில் போகிறேன். டிக்கெட்டைக் கொடுங்கள்."

கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் இறக்கத்தில் பாய்ந்தது. லயத்து ஹோல்ட் கண்ணில் பட்டதும் ட்ரைவர் வேகத்தைக் கூட்டினார். அவர் காலுக்கு அது பழக்கம் போலும்!

"பஹினவா!" என்று கத்தினாள் குமாரி. இறங்கணும் என்று அவள் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் தூங்கிய ஒரு பெரியவர் திடுக்கிட்டுத் தன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பஸ் கிறீச்சிட்டு நின்றது.

குமாரி மிதிபலகைக்கு ஓடினாள். "ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க! மாமா, வாங்க! அத்த, தம்பியத் தூக்குங்க!"

நின்ற பஸ்ஸைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் அவசர அவசரமாக ஏறினார்கள்.

"ஏய், நீ இறங்கத்தானே டிக்கெட் எடுத்தாய்?" என்று கத்தினார் கொண்டக்டர்.

குமாரி இரண்டு காலையும் சேர்த்துத் தொப்பென்று கீழே குதித்தாள். "இறங்கிவிட்டேன்!"

மறுபடி மேலே தாவினாள். "இப்போது ஏறிவிட்டேன். பலாங்கொடைக்கு எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் தாருங்கள். நாங்களும் காசு கொடுத்துத்தான் போகிறோம்!"

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. பன்சலைச் சந்தியில் ஏறிய ஓர் அம்மாள் தன் கூடையை மடியில் தூக்கி வைத்து அத்தைக்கு இடம் கொடுத்தார். கொண்டக்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தார். காத்தமுத்து மாமா ஜன்னலோரத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஓடி வாங்க, ஓடி வாங்க! குவைத் லைன்ல நிக்குது!" என்று கடை வாசலிலேயே வரவேற்றார் பளீல் நானா.

படம் துண்டு துண்டாக வந்தது. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு முழு முகமும். அம்மா!

"சீதா! நல்லா இருக்கியா?" குவைத் தொலைவில் அல்லவா இருக்கிறது, இருளாயி அத்தை கடையே அதிரும்படி கத்தினார். முந்தானையில் முடிந்து வந்த கோயில் திருநீற்றை எடுத்து அம்மாவின் நெற்றி தெரிந்த இடத்தில் பூசியும் விட்டார். "ஐயோ, என்ட ஸ்கிரீன்!" என்று பதறினார் பளீல் நானா.

தனுஜன் மட்டும் குமாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"தனு, அம்மாடா. இங்க பாரு ராசா."

அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "படத்துல உள்ள அம்மா மாதிரி இல்ல," என்று முணுமுணுத்தான். அம்மாவின் முகம் வாடிப்போனது. இதற்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று குமாரிக்கு அழுகை வந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன் குமாரி, போன வாரம் பஸ்ஸு ஒரேயடியா நிக்கவே இல்லியா?"

கேட்டதுதான் தாமதம், குமாரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சேற்றுத் தண்ணீர், பலாக்காய் மூட்டை, ஒன்றையும் விடவில்லை.

"என்னது! சின்னப் புள்ள கைய காட்டியுமா நிக்கல?" அம்மாவின் குரல் கிளம்பியது. "பஸ்ஸு என்ன அவன் வீட்டுச் சீதனமா? பலாக்காய்க்கு எடமிருக்கு, எம்புள்ளைங்களுக்கு எடமில்லியோ? நான் ஊருக்கு வரட்டும்! நடுரோட்டுல குந்திக்கிறேன், எப்புடிப் போறான்னு பாக்குறேன்!"

குமாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு தலை நீண்டது.

"அக்கா, இவங்க ஒன்னிய மாதிரியே ஏசுறாங்க!"

"நான்தான்டா அவங்க மாதிரி," என்றாள் குமாரி.

தனுஜன் நாற்காலியைப் பிடித்து ஏறினான். மூக்கு ஸ்கிரீனில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டான்.

"அம்மா," என்றான், "இன்னும் கொஞ்சம் ஏசுங்க!"