கான்ட்ராவீன்

சௌந்தரவல்லியின் உடலைச் சுமந்துகொண்டு நால்வரும் மின்தூக்கி வாசலுக்கு வந்தபோது, நால்வரின் காதிலும் ஒரே நேரத்தில் அந்தப் பெண்குரல் கேட்டது. "கான்ட்ராவீன்."

கை முழுக்க மரத்துப்போவதற்குள் அவசர அவசரமாகத் தரையில் இறக்கி வைத்தார்கள். தலைமாட்டில் நின்ற வேதரத்தினம், மனைவியின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிடக் கையை எடுத்தார். முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை.

அது தடுப்பியின் குரல். தடுப்பி அரிசிமணி அளவுதான் இருக்கும். எல்லாருக்கும் பிடரிக்குள் வைத்துவிடுவார்கள். ஒருவர் விதியை மீறப்போகிறார் என்றால் முதலில் காதில் சொல்லும். அதற்கும் நிற்காவிட்டால், மீறப்போகிற உறுப்பை மரக்கச் செய்யும். "மீறாதே" என்று தமிழில் சொல்லிப் பார்த்தார்களாம் ஆரம்பத்தில். ஜனங்கள் "நீ யாருடா கேக்க?" என்று எகிறியிருக்கிறார்கள். மீறலுக்கு வாயில் நுழையாத இந்த இங்கிலீஷ் சொல்லைப் போட்டதும், மேலதிகாரி கூப்பிட்டதுபோல அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். திருட்டு ஒழிந்தது, போலீஸ் ஒழிந்தது, கோர்ட்டுகள் கல்யாண மண்டபங்களாயின. பிறகு அடுக்ககச் சங்கங்களும் தங்கள் விதிகளைத் தடுப்பியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. வினை அங்கேதான் வந்தது.

"லிஃப்ட் வேணாம் சார். படியில மெதுவா எறக்கிடலாம்" என்றாள் எதிர்வீட்டு பிலோமினா.

வேதரத்தினம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சங்கச் செயலாளர். பிணம் மின்தூக்கியில் போகக் கூடாது என்ற விதியை எழுதியவர் அவர்தான். வாடகைக்கு இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதினார். சொந்த வீட்டுக்காரர்கள் நல்ல ஆஸ்பத்திரியில் சாவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பிறகு பிலோமினாவின் அப்பா இறந்தார். ஒன்பது மாடியும் அவரைப் படிவழியே இறக்கினார்கள். வாசலைக் கழுவிவிட வேண்டியதாயிற்று என்று மாடிக்கு மாடி புகார் வந்தது. அடுத்த கூட்டத்திலேயே படிவழியேயும் பிணம் போகக் கூடாது என்று ஒரு விதி போட்டாயிற்று. இரண்டு விதியையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோவது ஒன்றுதான் மீறலாகவில்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டில் பொழுது சாய்ந்தபின் பிணம் இருக்கக் கூடாது என்று இன்னொரு விதி. அந்த நேரம் தாண்டினால் வீட்டுக்காரருக்குக் கை கால் எதுவும் அசையாது. அவளுக்கு ஒரு விளக்குகூட ஏற்ற முடியாது என்று நினைத்தபோது வேதரத்தினம் வாய்விட்டு அழுதார்.

மதியம் அவசரக் கூட்டம் கூடியது. மனைவியை உள்ளே கிடத்திவிட்டு, செயலாளர் தன் வீட்டுச் சுவர்த்திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மண்டபத்தில் பாதிப்பேர் கண்கலங்கி இருந்தார்கள். சௌந்தரவல்லி கையால் ரசம் வாங்கிச் சாப்பிடாத வீடு அங்கே குறைவு.

"ரெண்டு விதியையும் எடுத்துடலாம்னு தீர்மானம். கை தூக்குங்க" என்றார் துணைச் செயலாளர் தணிகாசலம்.

ஒரு கையும் எழவில்லை. விதியை எடுத்து மீறலுக்கு வழிசெய்து கொடுப்பதும் மீறல். தளர்த்தச் சொல்லி வாடகைக்காரர்கள் நச்சரித்த காலத்தில் அதையும் வேதரத்தினம்தான் சேர்த்தார். பிலோமினா இடதுகையால் வலதுகையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். இரண்டும் தொங்கிவிட்டன.

"எங்கப்பாவ எறக்கினப்போ நீங்க கதவச் சாத்திக்கிட்டீங்க சார். அத நான் மறக்கல" என்றாள் திரையைப் பார்த்து. "ஆனா உங்க வீட்டம்மா யாருக்கு என்ன பண்ணாங்க? சத்தியமா கை வரல சார்."

"மன்னிச்சிடும்மா" என்றார் வேதரத்தினம்.

தணிகாசலம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். "விதிய எடுத்தாத்தானே கான்ட்ராவீன்? புதுசா சேர்த்தா இல்லையே! சார் வீட்ட சுடுகாடுன்னு அறிவிச்சிடுவோம். சுடுகாட்டுல பொணம் இருக்கலாம்."

இந்தத் தடவை எல்லாக் கைகளும் லேசாக எழுந்தன. வேதரத்தினமும் தூக்கினார். தடுப்பி மூச்சு விடவில்லை. ஒன்பதாம் மாடியின் கிழக்குப் பக்க வீடு, மூன்று படுக்கையறை, பால்கனி உட்பட, சுடுகாடாயிற்று. மேளம் கொட்டாத குறையாகக் கைதட்டினார்கள்.

வேதரத்தினம் விளக்கேற்றினார். மனைவியின் முடியை ஒதுக்கிவிட்டார். எரிக்க முடியாதுதான்; மாடியில் தீ மூட்டக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. குளிர்பெட்டிக்காவது சொல்லிவிட்டு வரலாம் என்று வாசலைத் தாண்டக் காலெடுத்தார். கால் மரத்தது. சுடுகாட்டிலிருந்து வருகிறவர் வாசல்கேட் குழாயில் குளித்துவிட்டுத்தான் வளாகத்துக்குள் நுழைய வேண்டும் என்று ஒரு விதி. குழாய் ஒன்பது மாடிக்குக் கீழே இருந்தது. அங்கே போக வேண்டுமானால் வளாகத்துக்குள் நுழைய வேண்டும்.

உள்ளே திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் கூட்டம் இன்னும் கலையவில்லை.

"சார், இன்னொரு தீர்மானம்" என்றார் தணிகாசலம், கொஞ்சம் கூச்சத்தோடு. "நாலஞ்சு வீட்டுல கேக்கறாங்க. வயசானவங்க இருக்கிற வீட்ட எல்லாம் இப்பவே சுடுகாடுன்னு அறிவிச்சிட்டா, கடைசி நேரத்துல அலைய வேணாம் பாருங்க. எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, இப்பதான் காப்பி குடிச்சாங்க. இருந்தாலும்…"

"வேணாம் தணிகாசலம்!" வேதரத்தினம் எழுந்து திரையருகே ஓடினார். "உள்ள போயிட்டா வெளிய வர முடியாதுய்யா. நான் மாட்டிக்கிட்டிருக்கேன். உயிரோட இருக்கறவங்களப் பூட்டி வெக்கப் போறீங்க. நான் எதிர்த்து ஓட்டுப் போடறேன், எழுதிக்கோங்க!"

"அது முடியாது சார்." தணிகாசலத்துக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "குடியிருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு. நீங்க இப்ப சுடுகாட்டுல இருக்கீங்க. உங்க ஓட்ட எண்ணினா எனக்குக் கான்ட்ராவீன் ஆயிடும்."

மண்டபத்தில் கைகள் எழ ஆரம்பித்தன. வேதரத்தினம் பிலோமினாவைத் தேடினார். அவள் மட்டும் தலை குனிந்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டிலும் படுத்த படுக்கையாக அம்மா இருந்தாள். இன்னொரு தடவை அவளால் அல்லாட முடியாது. சற்று நேரம் பொறுத்து அவளும் கையைத் தூக்கினாள். எந்தத் தடையும் இல்லாமல் அது எழுந்தது.