வெளியே கூட்டக் கூடாத நாள்

உறைக்குள் இருந்த கீபோர்டு ஈரமாக இருந்தது.

விடுமுறைக்கு முன்பே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். உறையின் மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது. அதைக் கலைத்த முதல் கை தவமணியுடையது. ஆனால் உள்ளே, எழுத்துகளின் இடுக்குகளில், நீர் தேங்கி நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். சேறும் உப்பும் டீசலும் கலந்து, கடல் வற்றிய காலைகளில் ஃபெரித் துறையில் எழும் வாடை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகிய கறை எதுவும் இல்லை. பினாங்கில் மழை பெய்து பல நாளாகியிருந்தது.

"என்னம்மா, தண்ணியா?" வாசலில் நின்ற சிக்கந்தர் கேட்டார். கட்டடத்தின் காவலாளி, அவளுக்காகக் கீழ்க் கதவைத் திறந்துவிட்டவர். "ஏர்கோன் ஒழுகியிருக்கும். இங்க எதுதான் ஒழுங்கா இருக்கு? முதலாளி மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் ஓட்டுற காடிய மாத்திருவாரு."

"தொடைக்கத் துணி இருக்குமாண்ணே?"

"துணி இருக்கு. தொடப்பந்தான் இல்ல." அவர் சிரித்தார். "சீனப் பெருநாள் முடியிற வரைக்கும் கூட்டக் கூடாதுன்னு பூட்டி வச்சிட்டாங்க. படியில வெடிக் காயிதம் கெடந்துச்சே, பாத்தீங்கள்ல? அப்படியே கெடக்கணுமாம். கூட்டுனா வந்த அதிர்ஷ்டம் வெளிய போயிருமாம். முடியலன்னா உள்பக்கமா கூட்டி மூலையில சேத்து வச்சிக்கலாம்."

"நல்லதுதானே லா."

"எனக்கு நல்லதுதான். வேலை மிச்சம்."

அவர் தந்த பழைய துணியால் அவள் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது. துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள்.

பீச் ஸ்ட்ரீட்டில் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் கம்பெனி அது. மாடி முழுதும் ஒரே கூடம். மரத் தரை, உயரமான ஜன்னல்கள், அவற்றின் வழியே தெரியும் கடல். ஊரே விடுமுறையில் இருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய முடியும். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் சும்மா கிடக்க வேண்டும். இதுவரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிஸ்கெட்டைச் செருகி வைரஸ் தேடினார்கள். இனி ஒரே இடத்திலிருந்து கட்டளை போகும். அது சொன்னபடி மற்றவையெல்லாம் கேட்கும். பாயான் பாருவில் தவமணி வேலை பார்க்கும் நிறுவனம் இதை விற்றது. ஆர்டரில் இந்தக் கம்பெனியின் பெயரைப் பார்த்த அன்றே, அங்கே நான் போகிறேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கைப்பையில் ஒரு டிஸ்கெட் இருந்தது. அதில் உயிருள்ள வைரஸ்.

அதே வகை வைரஸ்தான் முன்பு இந்த அலுவலகத்தின் பத்திரங்களையெல்லாம் தின்றது. யார் கொண்டுவந்தது என்று முதலாளி கேட்டபோது, மேனேஜர் தியாகராஜா ஒரு நொடிகூட யோசிக்காமல், டைப் அடிக்கும் பெண்ணைக் கைகாட்டினார். செல்வநாயகியை. தவமணியின் தங்கையை. அவளுடைய கம்ப்யூட்டரை மற்றவற்றிலிருந்து பிரித்தார்கள். தொலைந்த பத்திரங்கள் அனைத்தையும் அவள் தனியாக உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். அவள் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கக் கூடாது; காகிதம்கூட. அப்படி மாதக்கணக்கில். பிறகு ஒரு மாலை, பட்டர்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்த ஃபெரியில் கம்பியோரம் அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது. ஜெலுத்தோங் பக்கம் சேற்றில் கடல் அவளைத் திருப்பிக் கொடுத்தது.

அலுவலகத்திலிருந்து சாவுக்கு ஒருவரும் வரவில்லை. அதனால்தான் இன்று தவமணியின் முகம் இங்கே யாருக்கும் தெரியவில்லை.

தியாகராஜாவின் கம்ப்யூட்டரை மட்டும் காப்பில்லாமல் விட வேண்டும். டிஸ்கெட்டை அதில் செருகி எடுக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த வைரஸ் வெடிக்கும்போது, எல்லா விரலும் அவரைக் காட்டும்.

வேலையை மேற்பார்க்க வந்திருந்த தியாகராஜா தன் அறையிலிருந்து வந்தார். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, கையில் பாதி உரித்த மாண்டரின் ஆரஞ்சு.

"மிஸ் தவமணி, ஒரு விஷயம். முதலாளி போன் பண்ணுனாரு. பெருநாள்ல எதையும் தூக்கி எறியக் கூடாதாம். கம்ப்யூட்டர்ல இருக்கிறதையும்தான்."

"வைரஸையுமா சார்?"

"சொன்னா கேக்க மாட்டாரு லா. அழிக்க வேணாம், ஒரு எடத்துல சேத்து வைங்க. அப்புறமா பாத்துக்கலாம்."

"சேத்து வைக்கத் தனியா ஒரு மெஷின் வேணுமே."

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "பின்னால ஸ்டோர்ல ஒண்ணு சும்மாதான் கெடக்கு. குப்பையெல்லாம் அதுக்குள்ள போகட்டும். முன்ன ஒரு பொண்ணு அதுல வேலை செஞ்சிச்சு."

"இப்ப?"

"நின்னுருச்சு."

சொல்லிவிட்டு விதையைக் கைக்குள் துப்பினார்.

தவமணி கேபிள் சுருளை எடுத்து அவிழ்த்தாள். பிறகு வாசலுக்குப் போய், "அண்ணே, எல்லாம் தொறந்து கெடக்கும், யாரும் மேல வரக் கூடாது. கீழ பூட்டிட்டுச் சாப்பிட்டு வாங்க" என்றாள்.

"டத்தோ கிராமாட் வீட்டுக்குப் போயிட்டு வர அந்தி ஆயிருமே."

"பரவால்ல."

கீழே இரும்புக் கதவு இழுபட்டு மூடும் ஓசை கட்டடம் முழுதும் ஏறி வந்தது.

ஸ்டோர் கூடத்தின் கடைசியில் இருந்தது. கேபிளின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனவள் கதவருகே நின்றாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அது உரசி உரசி மரத்தில் பச்சைப் பெயிண்ட் போய்விட்டிருந்தது. பொருள் வைக்கும் அறையை யாரும் இவ்வளவு முறை பூட்டித் திறப்பதில்லை.

"வெளிய பூட்டிடுறாங்கக்கா" என்று ஒருநாள் செல்வி சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே. காற்றில் சாத்தியிருக்கும், எதையும் பெரிதாக்காதே என்று தவமணி சொன்னாள்.

உள்ளே ஜன்னல் இல்லை. சுவரைப் பார்த்தபடி ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பழைய கம்ப்யூட்டர். காற்று அசையாமல் நின்றது. காகிதக் கட்டுகளின் புளித்த வாடைக்கு அடியில் கீபோர்டில் முகர்ந்த அந்தச் சேற்று வாடையும் மெலிதாக இருந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேபிளை மாட்டினாள். உட்கார்ந்தால் கதவு முதுகுப் பக்கம். கதவு திறக்கிறதா மூடுகிறதா என்று கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க முடியும். மாதக்கணக்கில் இங்கே. இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

இனி டிஸ்கெட் போதாது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டர் தயங்காமல் உயிர்பெற்றது. அவள் கூடத்துக்கு வந்து கட்டளையைக் கொடுத்தாள்: தேடு, கிடைத்ததை அழிக்காதே, ஸ்டோருக்கு அனுப்பு.

முதல் வரிசையில் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. தேடும் ஓசை எழுந்தது; அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற, விடாத, பொறுமையான ஓசை. வெளியே சாத்திய கடைகளுக்கு நடுவே எங்கோ ஒரு சீன வெடிச்சரம் வெடித்து ஓய்ந்தது. ஊதுபத்திப் புகை ஜன்னலைக் கடந்து போனது. வெயில் தரையில் நீண்டு, மஞ்சளாகி, மேஜைக் கால்களின் நிழலைக் கூடத்தின் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஏதோ ஒன்று கிளம்பிப் போனது. சின்னச் சின்னத் துண்டுகள். திரையில் அவற்றுக்குப் பெயர் இல்லை. போகின்றன என்று மட்டும் தெரிந்தது. ஒரு கம்ப்யூட்டர் முடிந்ததும் அதன் கீபோர்டிலிருந்து நீர் கசிந்து, மேஜை விளிம்பில் திரண்டு, சொட்டியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. யாரோ ஒவ்வொரு மேஜையாக எழுந்து நடந்து போவதைப் போல.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லோரும் முன்பு செல்வி அடித்ததைப் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றிலும் அவள் கொஞ்சம் இருந்தாள். இப்போது அத்தனையும் ஒரே இடத்தில் சேர்கிறது.

ஸ்டோரிலிருந்து டைப் அடிக்கும் ஓசை கேட்டது.

வேகமாக ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும் ஓசை. அக்கரையில், பிறை ஊரில், வீட்டு வராந்தாவில், வாடகை டைப்ரைட்டரில், இப்படித்தான் அவள் பழகினாள். நடுநடுவே நிறுத்தி, தப்பில்லையே என்று அக்காவைத் திரும்பிப் பார்ப்பாள்.

தவமணிக்கு உடல் குளிர்ந்தது. ஆனால் குளிருக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது வேறொன்று. "செல்வி" என்றாள் மெதுவாக. "இரு. கூட்டிட்டு வர்றேன்."

ஓசை நின்றது. காத்திருந்தது.

அவள் மேனேஜரின் கதவைத் தட்டினாள். "சார், ஸ்டோர் மெஷின்ல உங்க பாஸ்வேர்டு வேணும். நீங்களே அடிச்சாத்தான் நல்லது."

"இங்கேர்ந்து முடியாதா?"

"முடியாது சார்."

அவர் முனகிக்கொண்டே நடந்தார். கூடத்தின் நடுவில் நின்று மூக்கைச் சுளித்தார். "என்ன நாத்தம் இது? மீன் மார்க்கெட் மாதிரி." தரையின் ஈரத்தில் அவருடைய ஷூ சறுக்கியது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் மிஸ், இதெல்லாம் ஒரே தண்ணி..."

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். பழகிய வழியில் அது எளிதாக ஓடியது.

"ஹலோ? காத்துல சாத்திக்கிச்சு. தொறங்க மிஸ்."

அவள் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்தினாள்.

"வெளையாடாதீங்க லா. எனக்கு பிரஷர் இருக்கு."

"என் தங்கச்சிக்கும் இப்படித்தான சார் இருந்திருக்கும்?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர் குரலே வேறாக வந்தது. வயதான, மெலிந்த குரல். "செல்வநாயகியா? நீங்க அவ அக்காவா? அம்மா, நான் சொல்றத கேளுங்க. முதலாளி யாரையாவது காட்டச் சொன்னாரு. நான்... இங்க யாரோ இருக்காங்க. மிஸ். என் பின்னால யாரோ நிக்கிறாங்க. தொறங்க. தொறங்கம்மா."

கதவு அதிர்ந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஒவ்வொரு அடியையும் கையில் வாங்கிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் கட்டியாக இருந்தது கரைந்து கைவழியே ஓடியது.

அடி நின்றது.

நீர் ஊற்றும் ஓசை. குடத்தில் நீர் நிறையும்போது மேலே ஏறும் ஓசை. நிறைந்தது.

அமைதி.

பிறகு டைப் அடிக்கும் ஓசை. வேகமாக. நின்று. மறுபடி.

"முடிஞ்சிச்சா செல்வி?" என்றாள். "போதும்மா. வீட்டுக்குப் போலாம்."

பின்னால் வெளிச்சம் மாறியது. திரும்பினாள். வெயில் போயிருந்தது. கூடத்தின் எல்லாத் திரைகளும் ஒரே நீலத்தில் எரிந்தன. அவள் கட்டளை கொடுக்கவில்லை. ஆனால் எல்லாம் இப்போது ஒரே இடத்தின் சொல்லைக் கேட்கின்றன. அவள்தான் அப்படிச் செய்துவைத்தாள். எல்லாத் திரையிலும் ஒரே வரி, ஆங்கில எழுத்துகளில் தமிழ், ஓடி, நின்று, ஓடி, எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

ஏங்க்கா என்னை அனுப்பிச்ச?

அவள் வாயைத் திறந்தாள். சம்பளம் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு மருந்து. வேறு வேலை கிடைக்கும்வரை என்று நினைத்தேன். ஒரு காலை நீ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றாய். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பஸ் வந்துவிட்டது என்றேன்.

எதுவும் குரலாகவில்லை.

ஏங்க்கா என்னை அனுப்பிச்ச? ஏங்க்கா என்னை அனுப்பிச்ச?

படியை நோக்கி ஓடினாள். தரை வழுக்கியது. படியில் தண்ணீர். கறுப்புத் தண்ணீர். சிவப்புக் காகிதங்கள் அதன்மேல் மிதந்தன. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. வெளியே ஒரு சொட்டும் போகவில்லை.

கூடத்துக்குள் பின்வாங்கினாள். ஓரடி. இன்னொன்று. கூடத்தின் கடைசிக்கு வந்தபோது முதுகில் ஒரு குளிர்ந்த காற்று பட்டது.

ஸ்டோர் கதவு திறந்திருந்தது.

தியாகராஜா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் சேற்றுநீர் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அவர் மூச்சு விடவில்லை. ஆனால் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. வேகமாக. நின்று. மறுபடி.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. கூடத்திலிருந்து யாரோ கொண்டுவந்து போட்டது.

விரல்கள் நின்றன. தொங்கிய தலை, தப்பில்லையே என்று கேட்பதைப் போல, மெல்லத் தோளுக்கு மேல் திரும்பியது. கண்களில் இருந்தது அவர் இல்லை. உதடுகள் அசைந்தன. நீருக்குள்ளிருந்து, அந்த ஆணின் தொண்டை வழியாக, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"வாக்கா."

ஒரு கை மேஜையிலிருந்து இறங்கியது. காலி நாற்காலியின் இருக்கையை மெதுவாக, பிரியமாக, தட்டிக்கொண்டே இருந்தது.