அவன் மட்டும் காணாத காட்சி

அன்று பார்த்த படத்தில் கடலே இல்லை. சஞ்சீவனுக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஒரு கல்யாண வீடு, இரண்டு சம்பந்திகளின் வாய்ச்சண்டை, தாலிகட்டுக்கு முந்தின நாள் காணாமற்போன மாப்பிள்ளை, கடைசியில் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவது. இரண்டு மணித்தியாலமும் படம் அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டி வெளியே போகவேயில்லை. ஆனால் படம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது மகள் பிரசாந்தினி கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“எனக்கெண்டால் அந்தாள் கடலுக்குள்ளயிருந்து படியில ஏறி வாற சீன்தான் பிடிச்சது. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.”

“ஓம், அது நல்லா எடுத்திருக்கிறாங்கள்” என்றாள் அவன் மனைவி சோபனா. “உடுப்பிலயிருந்து தண்ணி வடியிற சத்தம் மட்டும்தான். பாட்டுமில்லை, ஒண்டுமில்லை.”

சோபனாவின் தம்பி சசிகரனும் தலையை ஆட்டினான். சஞ்சீவன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பகிடி விடுகிற முகம் ஒருவருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு பேரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது அந்த வீட்டின் பழக்கம். துறைமுகத்தில் ஒரு பண்டகசாலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த சஞ்சீவனுக்குக் கிழமையில் கிடைக்கிற ஒரே சந்தோசமும் அதுதான். படம் முடிந்ததும் தேத்தண்ணீர், பிறகு அபிப்பிராயம். வில்லன் துவக்கை நீட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் கதைப்பதை அவனால் பொறுக்க ஏலாது. தாய் ஆசுப்பத்திரியில் கிடக்க மகன் பனிமலையில் போய் ஆடுவதையும் மன்னிக்க மாட்டான். ஒரு சின்ன வேடத்தில் வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போகிற கிழவனைக்கூட அவன் கவனித்திருப்பான். சொன்னதையெல்லாம் இரவே எழுதிச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். கனடாவிலிருந்து சகலன் கேட்பான், ‘இந்தக் கிழமை என்ன, பார்க்கலாமோ?’ என்று. அப்படிப்பட்டவன் ஒரு காட்சியை முழுதாகத் தவறவிடுவதென்றால்?

“அத்தான் நித்திரையாகியிருப்பார்” என்று சிரித்தான் சசிகரன்.

அவன் நித்திரை கொள்ளவில்லை. ஆனாலும் சிரித்துச் சமாளித்தான். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு தனியே இருந்து, படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பார்த்தான். முற்றம், பந்தல், வாழைமரம், சமையல்காரர். கடல் இல்லை. படிகள் இல்லை. ஈர உடுப்போடு எவனும் இல்லை.

திங்கட்கிழமை பண்டகசாலையில் ஜவ்பரிடம் கேட்டான். கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் வருகிற ஜவ்பரும் படப் பைத்தியம்தான். அதே படத்தைத் தன் மனைவி பரீதாவோடு இருந்து பார்த்திருந்தான்.

“கடலா? அந்தப் படத்திலயா?” ஜவ்பர் யோசித்துப் பார்த்தான். “கல்யாண வீட்டுக்குள்ளதானே முழுக்க நடக்குது. வீட்டில ஆக்கள் உங்களோட விளையாடுறாங்கள் போல.”

சஞ்சீவனும் அப்படித்தான் நினைக்க விரும்பினான்.

அடுத்த ஞாயிறு அவன் ஆயத்தமாக இருந்தான். சாப்பாட்டைக் குறைத்தான். முகம் கழுவி, கடுஞ்சாயத் தேத்தண்ணீர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மூவருக்கும் பக்கவாட்டில் கதிரையைப் போட்டு நிமிர்ந்து இருந்தான். பொலிஸ்காரன் ஒருவனின் கதை. மார்கழி மழை வெளியே விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, மூன்று மணிக்கே மண்டபம் கருக்கலாகி, தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, குசினியில் மூடாமல் விட்ட மீன்குழம்பின் மணமும் நனைந்த கால்மிதியின் மணமும் ஒன்றாய்க் கலந்து வந்தன, துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாய் ஊதி ஓய்ந்தது. ஒரு மணித்தியாலம் எல்லாம் சரியாகவே போனது.

பிறகு முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தியிருந்தார்கள். தட்டுக்குப் போன சசிகரனின் கை பாதி வழியில் அப்படியே நின்றது. சோபனா தலையணையை மடிக்கு இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிரசாந்தினியின் வாய் சிறிது திறந்திருந்தது. சஞ்சீவன் திரையைப் பார்த்தான். பொலிஸ்காரன் ஒரு கடையின் மரவாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். ஒருவன் தேத்தண்ணீர் குடிப்பதை அவர்கள் ஏன் இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள்?

அப்போதுதான் அந்த மணம் வந்தது. கடல் வற்றும்போது துறைமுகத்துக் கற்களுக்கிடையில் எழும்புகிற சேற்று மணம். அதோடு கப்பல் எண்ணெய் மணம். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

மூன்று நிமிடம் இருக்கும். பிறகு மூவரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள். சசிகரனின் கை முறுக்கை எடுத்தது.

தேத்தண்ணீரின்போது முதலில் பேசியது சோபனா. “அந்தாள் தெருவால நடந்து வாற இடம் இருக்கே. படுத்துக்கிடந்த மானெல்லாம் எழும்பி ஓடிச்சுது பாத்தனீங்களே?”

“எங்கட தெரு மாதிரியே இருந்தது, என்ன அம்மா?” என்றாள் பிரசாந்தினி. “முன்வீட்டு மதில் கூட அதே பச்சை.”

“நானும் உங்களோடதானே இருந்தனான்!” சஞ்சீவனின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “அந்தப் படத்தில மான் எங்க வந்தது? அவன் கடையில இருந்து தேத்தண்ணி குடிச்சவன். நான் கண்ணை வெட்டாமல் பாத்தனான்!”

சோபனா எழுந்து வந்து புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சுகமில்லாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“காய்ச்சல் இல்லை” என்றாள். “நாளைக்கு ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே அப்பா?”

அவன் குரலைத் தணித்துக்கொண்டு மகளிடம் கேட்டான். “சரி, அந்தாள் என்ன செய்யிறார்?”

“ஒண்டும் செய்யேல்ல. தேடுறார்.”

“ஆரை?”

“அது இன்னும் காட்டேல்லையே அப்பா. கேற்றில கையை வைச்சுக்கொண்டு உள்ளுக்கு எட்டிப் பாக்கிறதோட விட்டிட்டாங்கள்.”

“எந்தக் கேற்?”

பிரசாந்தினி யோசித்தாள். ஞாபகத்துக்கு வராத ஒன்றைத் தேடுகிற முகம். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

குடையை எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போய்ப் பார்த்தான். படலை சாத்தியிருந்தது. கொளுக்கி போட்டிருந்தது. அந்த ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலத் திரிந்து, மழைக்கு எப்போதும் மதிலோரம் ஒதுங்கிக் கிடக்கிற நான்கைந்து மான்களில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அவை படுத்திருந்த இடம் இன்னும் ஈரமாகாமல், வெள்ளையாய், வட்டம் வட்டமாய்த் தெரிந்தது.

டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறெசர் பார்த்தார். நாள், கிழமை, பிள்ளையின் பெயர் எல்லாம் கேட்டார். “உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்லா நித்திரை கொள்ளுங்கோ” என்று சொல்லி அனுப்பினார். சோபனாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. சஞ்சீவன் வழி முழுக்க ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தான். வருத்தம் அவனிடம் இல்லையென்றால் அது எங்கே இருக்கிறது?

அந்தக் கிழமை முழுவதும் மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை அவன் மெதுவாகச் சொன்னான்: “ஞாயிற்றுக்கிழமை தோப்பூருக்குப் போய் அக்காவைப் பாத்திட்டு வருவம். எல்லாருமாய்.”

“றோட்டெல்லாம் வெள்ளம் அத்தான். பஸ் ஓடேல்ல” என்றான் சசிகரன்.

“அப்ப படம் வேண்டாம். இந்தக் கிழமை ஒரு படமும் வேண்டாம்.”

எதிர்ப்பார்கள் என்று நினைத்திருந்தான். சண்டை போடவும் ஆயத்தமாக இருந்தான். ஆனால் பிரசாந்தினி கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஓமப்பா, படம் தேவையில்லை” என்றாள். மற்ற இருவரும் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கெல்லாம் கரண்டும் போய்விட்டது. கடவுளே வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டதைப்போல இருந்தது அவனுக்கு. அன்றுதான் இரண்டு கிழமைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே பழைய படங்களைப் பற்றிக் கதைத்தான், சோபனா சிரித்தாள், சசிகரன் இன்னுமொரு துண்டு மீன் கேட்டான், வீடு பழைய வீடாகவே இருந்தது. பின்பக்க வாய்க்கால் அடைத்து முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வெளியே போனான். சருகும் பொலித்தீன் பைகளும் சேறுமாய் அடைத்திருந்ததை இழுத்துப் போட்டு, தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பத்து நிமிடம். கூடினால் பதினைந்து.

குசினிக்குள் கால் வைத்ததும் மணம் தெரிந்தது.

சேறு. எண்ணெய். தன் கையில் பிடித்திருந்த வாய்க்கால் சேறு என்று முதலில் நினைத்தான். கையை மணந்து பார்த்தான். இது அது இல்லை. இது துறைமுகத்தின் அடியில் கிடக்கிற சேறு.

“சோபனா?”

மழைச் சத்தம் மட்டும்.

மண்டபத்தின் வாசலில் நின்றான். யன்னல்கள் சாத்தியிருந்தன, மழை இருட்டு மூலைகளை மூடியிருந்தது. தொலைக்காட்சி கறுப்பாய்க் கிடந்தது. அதன் வயர் கழற்றிச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. காலையில் அவனே சுற்றி வைத்தான். அந்தக் கறுப்புத் திரைக்கு எதிரில் அவர்கள் மூவரும் வழக்கமான இடங்களில் இருந்தார்கள். தட்டில் முறுக்கு.

மூவரின் முகத்திலும் நீல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

கூடி, குறைந்து. கூடி, குறைந்து. எங்கிருந்து என்று அவன் தேடினான். கறுப்புத் திரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை.

“சசி, எழும்பு.” சசிகரனின் தோளை உலுக்கினான். தோள் ஆடியது. கண் ஆடவில்லை. சோபனாவின் முகத்துக்கு முன்னால் கையை வீசினான். கை வெளிச்சத்தை மறைத்தபோது அவள் எரிச்சலோடு தலையைச் சரித்து, அவனைத் தாண்டிப் பார்த்தாள்.

அவன் அவர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் போனான். மகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தான். கைகள் சூடாகத்தான் இருந்தன. “பிரசா. அப்பாவைப் பார் அம்மா. இஞ்சை, என்னைப் பார்.”

அவள் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் வேறெங்கோ நகர்ந்தன. சோபனாவின் கண்களும் நகர்ந்தன. சசிகரனுடையதும். மூன்று சோடிக் கண்களும் ஒன்றாக, முன்கதவுப் பக்கத்திலிருந்து, மெதுவாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்.

அவனுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் ஈரப் பாதம் ஒன்று பட்டது.

பிறகு இன்னொன்று.

எழும்ப வேண்டும் என்று நினைத்தான். மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கால்கள் கேட்கவில்லை. கத்தினான். சத்தமாகத்தான் கத்தினான். அவள் பெயரை, சோபனாவின் பெயரை. பிரசாந்தினி கைகளை அவன் பிடியிலிருந்து மெல்ல உருவி எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாவம், பின்னால வாறது அந்தாளுக்குத் தெரியேல்ல” என்றாள் தாயிடம்.

“உஷ்” என்றாள் சோபனா. “கதைக்காமல் பார்.”

“பிள்ளை, நான் அப்பா. நான் உன்ர அப்பா.”

“என்னமா நடிக்கிறான்” என்றான் சசிகரன், கண்ணை எடுக்காமல்.

நடை நின்றது. முதுகில் குளிர். மூன்று பேரும் இப்போது அவன் தலைக்கு மேலே, நல்ல உயரத்தில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டியது. தரையில். பிறகு அவனுடைய கழுத்தில். உப்பு நீர், எண்ணெய்ப் பிசுபிசுப்போடு, கொலருக்குள் இறங்கியது.

திரும்பிப் பார்க்க ஏலாது. பார்க்காமல் இருக்கவும் ஏலாது.

சோபனா தலையணையை நெஞ்சோடு இறுக்கினாள். சசிகரன் கதிரையின் நுனிக்கு வந்தான். பிரசாந்தினி கண்ணைப் பொத்தி, விரல்களை விரித்து, அந்த இடைவெளிக்குள்ளால் பார்த்தாள்.

அவன் தலைக்கு மேலே நின்ற அவர்களுடைய பார்வை இறங்கத் தொடங்கியது. மூன்றும் ஒன்றாக. குனிகிற ஒன்றைப் பார்க்கிறவர்கள்போல, மெல்ல, மெல்ல, அவனுடைய முகத்தின் மட்டத்துக்கு.