எட்டு நாற்பத்தொன்று

“பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை எடுங்க சார். நான் பாக்கணும்.”

மேற்பார்வையாளரின் பேனா நின்றது. பதிவேட்டின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஆயுசுக்கும் கேட்காதே என்று அறிவிப்பாளரான அவளிடம் சொல்லி வைத்தவரே அவர்தான். எதற்கெடுத்தாலும் ‘ஒரு நிமிஷம்மா’ என்பதால், ரயில் நிலையம் முழுக்க அவருக்கு நிமிஷம் சார் என்றே பெயர்.

“ஒரு நிமிஷம்மா... காலங்காத்தால ஏன் இப்படி? உங்க வீட்லயே மொத டிகிரி நீ. மொத வேலையும் உன்னுது. ரெண்டையும் சேத்துத் தண்டவாளத்துல போடப் போறியா?”

“பக்கத்தை எடுங்க.”

அறிவிப்பு அறை நடைமேம்பாலத்தின் கோடியில் இருந்தது. ஒரு மைக், ஒரு தொலைபேசி, நேரம் குறிக்கும் பதிவேடு, ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே நகரத்தின் பாதி ஜனம் அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி எட்டு முப்பத்தைந்து.

பன்னிரண்டாம் தேதியும் இப்படித்தான் இருந்தது. எட்டு முப்பத்தாறுக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வந்தது. விரைவு வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வராது, நான்காவதுக்கு வரும். அந்த நொடியே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. கைபேசியில் அக்காவோடு சண்டை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று. “இந்த வீட்ல நான் மட்டும்தான் பொறந்தேனா?” என்று கத்தித் தீர்த்து நிமிர்ந்தால் எட்டு நாற்பத்தொன்று. வண்டியின் முகமே தெரிந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னாள்.

இரண்டாம் நடைமேடைக் கூட்டம் மொத்தமும் பாலத்தில் பாய்ந்தது. பதினோராவது படியில் ஒரு பெண் விழுந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கூட்டம் ஏறிப்போன பிறகு அவள் எழவில்லை.

நிமிஷம் சார் பதிவேட்டில் ‘அறிவிப்பு 8.36’ என்று எழுதினார். இவள் கையெழுத்துப் போட்டாள். பத்தே நாளில் முடிந்த விசாரணை, கைபேசியில் பேசியபடி கவனமில்லாமல் ஓடியதால் விழுந்தாள் என்று பழியைச் செத்தவள் தலையிலேயே கட்டியது.

நேற்று அந்தப் பெண்ணின் கணவர் இந்த அறை வாசலுக்கு வந்திருந்தார்.

“அவ ஃபோன் அன்னைக்கு வீட்லதாங்க இருந்துச்சு. சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டா. அம்மா யார்கிட்டப்பா பேசிட்டே ஓடினாங்கன்னு பொண்ணு கேக்குறா. என்னன்னு சொல்றது?”

அவர் குரலில் கோபமே இல்லை. ஊர் வம்புக்கெல்லாம் முதல் ஆளாய் வாய் திறப்பவள், அப்போது பதிவேடு இருந்த அலமாரியைத்தான் பார்த்தாள்.

“நீங்களும் கேக்குறீங்கல்ல சார்?” என்றாள் இப்போது.

“எதை?”

“தினம் எட்டு நாப்பத்தொண்ணுக்கு வர்ற அந்தக் காலடிச் சத்தத்தை. இல்லன்னா ஏன் எட்டரை ஆனா டீ குடிக்க ஓடுறீங்க? பதிமூணாந்தேதிக்கு முன்னாடி உங்களுக்கு டீயே புடிக்காது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாய் நின்றது.

பதின்மூன்றாம் தேதி காலை அது பதினோராவது படிவரை ஏறி நின்றது. பிறகு படியுச்சி. பிறகு பாலத்தின் நடுப்பகுதி. நேற்று, இந்த அறைக்கு வெளியே உள்ள நடைவழி. ஆயிரம் காலடிகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் தனியாகக் கேட்கும். அவசரமாக. மூச்சு வாங்க.

எட்டு நாற்பது.

“வழிய விடும்மா. கீழ போகணும்.”

கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். “ஒரு நிமிஷம் சார்.”

எட்டு நாற்பத்தொன்று.

சத்தம் அறுந்தது.

ஜன்னலுக்குக் கீழே கூட்டம் ஓடியது, வாய்கள் அசைந்தன, வண்டி வந்து நின்றது. எதற்கும் ஒலியில்லை.

காலடி மட்டும்.

படிகள். பாலத்தின் இரும்பு அதிர்ந்தது. நடைவழி.

அவள் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப்புறம், அது நின்றது.

மரப்பலகை வழியே இளஞ்சூடாய் மூச்சு இரைத்தது. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டின் வாசனை அறைக்குள் பரவியது.

“வேலைக்கு நேரமாச்சுங்க,” என்றது ஒரு குரல். தாமதமாகிப்போன யாரும் வழி கேட்கிற மாதிரியான குரல். “எத்தனாவது பிளாட்ஃபாரம்?”

நிமிஷம் சார் மேசையைப் பிடித்துக்கொண்டார். “நாலுன்னு சொல்லிடு,” என்று கிசுகிசுத்தார். “சொல்லித் தொலைம்மா.”

“நாலு,” என்றாள். “அஞ்சு நிமிஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. ஃபோன்ல இருந்தது நான். நீங்க இல்ல. நான்தான்.”

மூச்சு நின்றது.

நிலையத்தின் இரைச்சல் மொத்தமாகத் திரும்பி வந்து காதில் அறைந்தது.

அவளே அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தாள். 8.36-ஐ ஒரே கோட்டில் அடித்து, 8.41 என்று எழுதினாள். அதன் கீழே: ‘அறிவிப்பு தாமதம். கைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் நான்.’ கையெழுத்து.

“யார்கிட்டம்மா கொண்டு போற?”

“விசாரணை அதிகாரிகிட்ட. அப்புறம் அந்தம்மாவோட பொண்ணுகிட்ட.”

“வேலை போயிடும். கேஸ் போடுவாங்க. என்னையும் சேத்து இழுத்து விடுற.” அவர் குரல் கெஞ்சலுக்கு இறங்கியது. “அதான் கேட்டுடுச்சு, நீயும் சொல்லிட்டியே. இனிமே வராதும்மா. அப்படியே விட்டுடேன்.”

“அது வரக் கூடாதுங்கறதுக்காகவா சார் எழுதினேன்?”

கதவைத் திறந்தாள். நடைவழியில் யாருமில்லை. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தில் இறங்கினாள். எதிரே கூட்டம் மலைபோல் ஏறி வந்தது. தோளோடு தோள் உரசாமல் ஓர் ஆள்கூட நகர முடியாத நேரம்.

கூட்டம் விலகி வழிவிட்டது.

அவள் ஒருத்திக்கு வேண்டிய அகலம் அல்ல அது. இரண்டு பேருக்கு. அவளுடைய இடப்பக்கம் ஓர் ஆள் அளவு வெற்றிடம் படிக்குப் படி கூடவே இறங்கியது. வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் விடாமல் ஒதுங்கி நடந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று வலப்பக்கம் ஒதுங்கி, அந்த இடத்தையும் விட்டுக்கொடுத்து, தெருவுக்கு வெளியேறினாள்.