ஒரு வணக்கம் குறைகிறது

'இவன் செத்திருக்கக் கூடாது. என்னை மாட்டிவிட்டு, இவன் மட்டும் நிம்மதியாகச் செத்திருக்கவே கூடாது...'

இழவு மண்டபத்தில், மால்சுன் கறுப்பு ரிப்பன் கட்டிய போட்டோவையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

போட்டோவுக்குள் பியோ சாங்தே சிரித்தான். கொரியாவின் பூசான் நகர மீன் சந்தை வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளர். மால்சுன் அதன் தலைவி.

கடலோரப் பாறையில் அவன் ஷூ மட்டும் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை.

சந்தைக் கூரையை மாற்றச் சேர்த்த எட்டுக் கோடி வொன்னும் கிடைக்கவில்லை!

"தலைவியம்மா..." சூப் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர் பாங். "சாப்பிட்டீங்களா?"

"தொண்டைல இறங்கல. திருட்டு கேஸ் என்ன ஆச்சு?"

"திருட்டா? இது கையாடல்மா."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"எப்படி ஒண்ணாகும்? திருடன் பூட்ட உடைச்சு வருவான். கையாடுறவனுக்கு நாமளே கதவத் திறந்து, சாவியக் கையில குடுத்து, டீயும் போட்டுத் தருவோம். நம்பி ஒப்படைச்சாதான் அந்த வார்த்தையே வரும்."

"நம்பினது நான்தான் சார்."

"கையெழுத்துக்குப் பதிலாப் போடற முத்திரையையும் நீங்கதான் குடுத்திருக்கீங்க. பேங்க் பேப்பர் பூரா உங்க முத்திரை. அந்த ஆளு போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம்..." பாங் சூப்பை உறிஞ்சினார். "நீங்க. சாயந்திரம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

மால்சுன் மறுபடி போட்டோவைப் பார்த்தாள். திருட்டுக் கொடுத்தவளுக்கு ஊர் இரக்கப்படும். நம்பிக் கொடுத்தவளுக்கு? இன்று காலை சந்தையில் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 'பங்கு எவ்வளவு?' என்று ஒருத்தி கேட்டது முதுகில் வந்து விழுந்தது.

அப்போது யோன்ஜா வந்தாள்.

சாங்தேயின் மனைவி. கறுப்பு ஹன்போக் உடை. வீங்கிய கண்கள். போட்டோவின் முன் மது ஊற்றினாள். மண்டியிட்டாள். நெற்றி தரையைத் தொட்டது.

எழுந்தாள்.

திரும்பி நடந்துவிட்டாள்!

மால்சுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

செத்தவர்களுக்கு விழுந்து இரண்டு வணக்கம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று. அரிச்சுவடி தெரியாத குழந்தைகூட இதில் தப்பு செய்யாது...

யோன்ஜா தெரியாமல் செய்த தப்பும் இல்லை. இரண்டாவது வணக்கத்துக்கு அவளுக்கு மனசு வரவில்லை!

குடும்பத்தார் ஓய்வெடுக்கும் அறைக்குள் அவளைத் துரத்திப் பிடித்தாள் மால்சுன்.

"யோன்ஜா, வா. இன்னொரு தடவை விழுந்து கும்பிடு."

"முட்டி வலி, அக்கா..."

"நான் பிடிச்சுக்கறேன். கும்பிடு."

"வேணாம் அக்கா!"

"ஏன்டி?"

"கும்பிட்டா... நிஜமாவே அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள் யோன்ஜா.

அவள் சட்டைக் கைக்குள் செல்போன் அதிர்ந்தது. மால்சுன் பிடுங்கினாள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"யோன்ஜா!" போனில் குசுகுசுத்தது செத்தவனின் குரல். "கூட்டம் குறைஞ்சுதா? மொய் எவ்வளவு தேறுச்சு? கீழ பார்க்கிங்ல, வேன்ல இருக்கேன். சீக்கிரம் வா!"

"நான் மால்சுன் பேசறேன்."



அவன் குரலில் தேன் ஒழுகியது.

"அக்கா... கோவிச்சுக்காதீங்க. சங்கம் எனக்குக் கடன் குடுத்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கடன் வாங்கினவன எந்தப் போலீஸும் பிடிக்காது. உங்களுக்கும் கேஸ் இல்ல. பாதிப் பணம் இன்னைக்கே தரேன்!"

யோன்ஜா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுங்க அக்கா..."

ஒரு வார்த்தைதான். ஸ்டேஷன் வேண்டாம். பாதிக் கூரையாவது வரும். சந்தையில் மறுபடி முகம் பார்ப்பார்கள்...

ஆனால், அவள் முத்திரையைக் கொடுத்தபோது இவன் கேட்கக்கூட இல்லை. 'நீயே வச்சுக்கோ' என்று அவளாகத்தான் நீட்டினாள். அந்த நம்பிக்கைக்குக் கடன் என்று பேர் வைத்துவிட்டால், அவளிடமிருந்து எதுவுமே பறிபோகவில்லை என்றாகிவிடும்.

மால்சுன் கதவைத் திறந்தாள்.

வாசலில் இன்ஸ்பெக்டர் பாங்! கையில் சூப் இல்லை. ஸ்பீக்கரில் வந்த பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. பார்க்கிங் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார்.

"என்னால முடியாது, தம்பி," என்றாள் மால்சுன் போனில், குரலை உயர்த்தாமல். "நீ மேல வா. உன் சாவுக்கு ஊரே வந்திருக்கு... நீ வரலைன்னா நல்லாவா இருக்கும்?"