யூல் பண்டிகை நாளின் ரூன் குச்சி

பனி உருகியதும் ஏரி ஸ்வெர்திங்கின் உடலைக் கரையில் ஒதுக்கியது. நடுக்குளிர்காலத்து யூல் பண்டிகையன்று காணாமல் போனவன். விடியற்காலையில் முதலில் பார்த்தவள் அவன் மனைவி குன்வோர். பின்மண்டை பிளந்திருந்தது.

உச்சிவேளைக்குள் அவன் தம்பி ஹாவர்ட் ஒரு பிர்ச் மரக் குச்சியோடு வந்து நின்றான். சட்டம் தெரிந்த ஸ்டைன்வித் அதில் செதுக்கியிருந்த ரூன் எழுத்துகளை உரக்கப் படித்தார்.

“ஸ்வெர்திங் செதுக்கியது. வாழ்வு வெறுத்துவிட்டது. ஏரிப் பனிமேல் நடந்து போகிறேன். பண்ணை ஹாவர்டுக்கு.”

பண்ணை போய்விட்டால் குன்வோரும் குட்டி மகள் தோர்னியும் நடுத்தெருவில்தான்.

“இது எப்பக் கெடைச்சுது?” என்றாள்.

“யூல் அன்னிக்கே, அண்ணி. என் கதவுல சொருகியிருந்தாரு. குடும்ப மானம் போயிருமேன்னு பெட்டில பூட்டி வெச்சேன்.”

“மண்டை உடைஞ்சது?”

“விழுந்திருப்பாரு. பனி வழுக்கும்ல?”

குன்வோர் குச்சியை வாங்கித் தடவினாள். புகை வாடை. ஒரே வழவழப்பு. நுனியில் நகத்தை அழுத்தினாள். நகம் ஈரமானது. குச்சியை ஸ்டைன்வித்திடம் நீட்டினாள்.

“ஐயா, குளிர்காலத்துல பிர்ச் பட்டையை எப்படி எடுப்பீங்க?”

“கத்தியால சீவித்தான். மரத்தை விட்டு உரிஞ்சு வராது.”

“இதுல சீவின தடம் இருக்கா?”

ஸ்டைன்வித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லம்மா. மரத்துல சாறு ஏறினப்புறம் உரிச்சது. அதான் சட்டை மாதிரி கழண்டிருக்கு. உள்ள இன்னும் காயலை.”

“சாறு இப்பத்தானே ஏறுது. இவரு யூல்ல இருந்தே ஏரிக்கு அடியில கெடந்தாரு.” ஹாவர்டின் பக்கம் திரும்பினாள். “பனி உருகினா உடம்பு மேல வந்துரும்னு பயந்து செதுக்கினே. புகையில காட்டிப் பழசாக்கினே. அவரை அடிச்சதும் நீதான்.”

ஹாவர்ட் அசரவில்லை. “சரி அண்ணி. வழக்கு யாரு போடுவா?”

ஸ்டைன்வித் தலைகுனிந்தார். “கொலை வழக்கைச் செத்தவனோட நெருங்கின ஆம்பளைச் சொந்தந்தான் மன்றத்துக்குக் கொண்டுவரணும். பொம்பளை முடியாதும்மா.”

“அந்த ஆம்பளை யாரு?”

அவர் ஹாவர்டைத்தான் பார்த்தார்.

“அப்ப பண்ணை?”

“குழந்தைக்குத்தான். ஆனா அவ பெரியவளாகுற வரைக்கும் அவ பொறுப்பும் பண்ணைப் பொறுப்பும் இவனுக்குத்தாம்மா.”

இத்தனை கண்டுபிடித்தும் என்ன செய்வாள், பாவம்.

ஹாவர்ட் குனிந்து, குன்வோரின் பக்கத்தில் நின்ற தோர்னியைத் தூக்கிக்கொண்டான். அவள் சிரித்தபடி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குன்வோர் கையை நீட்டினாள்.

“சித்தப்பாகிட்டயே இருக்கேம்மா” என்றது குழந்தை.

“வீட்டுக்குப் போலாமா, அண்ணி?” என்றான் ஹாவர்ட்.

குன்வோர் அவன் பின்னால் நடந்தாள்.